கண்ணுக்குக் கீழே விழும் கருநிழல்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர் பெரியோர். அகத்தின் அழகு மட்டுமன்று. உடலின் களைப்பும், அடுக்களையின் வறுமையும், உறங்காமற்போன இரவுகளின் எண்ணிக்கையும்கூட முகத்தில் தெரியத்தான் செய்கின்றன. இவையெல்லாம் தம் கணக்கை எழுதிவைக்கும் இடம், கண்ணுக்குக் கீழே உள்ள அந்தச் சிறு பள்ளம். அங்கே படியும் கருமையையே கருவளையம் என்று அழைக்கிறோம்.

சங்கரன்கோவில் என்றதும் சங்கரநாராயணர் கோவிலும் ஆடித்தபசுத் திருவிழாவும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 2019-ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டத்தினின்று பிரிந்த தென்காசி மாவட்டத்தில் அடங்கிய இவ்வூர், உழைப்பாளிகளின் ஊரும் ஆகும். இங்கே விசைத்தறியின் ஓசை பகலில் மட்டும் கேட்பதன்று. பூச்சந்தைக்கு மல்லிகையும் பிச்சியும் வந்து சேரவேண்டுமாயின், சுற்றுப்புறக் கிராமத்துப் பெண்கள் பொழுது விடியுமுன்னரே தோட்டத்தில் இறங்கி மொட்டுப் பறித்தாக வேண்டும். மாவட்டத்தின் பல ஊர்களில் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை இலை சுருட்டும் தாய்மார் எத்தனையோ பேர். இத்தகைய ஊரில் கருவளையத்தை வெறும் அழகுக் குறைவாக மட்டும் எண்ணிவிடலாமா? அதைப் போக்கவும் வழியுண்டு, மறைக்கவும் வழியுண்டு. ஆனால் போக்குவதற்கும் மறைப்பதற்கும் முன்பு, அது என்ன சொல்லவருகிறது என்பதை அறிந்துகொள்வது நலம்.

கருமை வருவது எப்படி?

நம் உடலைப் போர்த்தியுள்ள தோலில் மிக மெல்லிய பகுதிகளில் ஒன்று கீழ் இமையின் தோல். அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. கன்னத்தில் இருப்பதுபோல் அதற்கு அடியில் கொழுப்பு மெத்தையும் இல்லை. எனவே அடியில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் நிறம், மெல்லிய துணிக்கு உள்ளிருக்கும் வண்ணம்போல் வெளியே தெரிகிறது.

கருவளையத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, தோலில் மெலனின் என்னும் நிறமி கூடுதலாகச் சேர்வதால் வரும் பழுப்புக் கருமை. நம்மைப் போன்ற மாநிறத்தாரிடையே இது மிகுதி. பல குடும்பங்களில் பாட்டி, தாய், மகள் என்று வழிவழியாகத் தொடர்வதும் இதுவே. வெயிலும், கண்ணைக் கசக்கும் பழக்கமும் இதை வளர்க்கும். இரண்டாவது, இரத்தக் குழாய்கள் விரிந்து தெரிவதால் வரும் நீலங்கலந்த கருமை. உறக்கக் குறைவும் மூக்கடைப்பும் இதை மிகுவிக்கும். மூன்றாவது உண்மையில் நிறமே அன்று, நிழல். வயது ஏறஏறக் கன்னத்துச் சதை இறங்கி, கண்ணுக்கடியில் குழி விழுகிறது. அல்லது கீழ் இமை பை போல் வீங்குகிறது. மேலிருந்து விழும் ஒளியில் அந்த மேடுபள்ளம் கருமையாகத் தோன்றுகிறது.

எந்த வகை என்று ஓரளவு வீட்டிலேயே அறியலாம். பகல் வெளிச்சத்தில் சன்னலுக்கு எதிரே நின்று கண்ணாடியைப் பாருங்கள். கீழ் இமைத் தோலை விரலால் மெல்லப் பக்கவாட்டில் இழுங்கள். பழுப்பு நிறம் மாறாமல் தோலோடு சேர்ந்தே நகர்ந்தால் அது நிறமி. தோல் மெலிந்து நீலம் இன்னும் பளிச்சென்று தெரிந்தால் அது இரத்தக் குழாய். முகத்தை ஒளியை நோக்கி உயர்த்தியதும் கருமை மறைந்தால் அது நிழல். பலருக்கு இம்மூன்றும் கலந்தே இருக்கும். ஆகையால் ஒருவருக்குப் பலித்த மருந்து மற்றவருக்குப் பலிக்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

கண்ணைக் கசக்கும் கை

தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சுத் தூசியும், பீடியிலையோடு கலந்த புகையிலைத் துகளும், அடுப்புப் புகையும் கண்ணை உறுத்துவன. உறுத்தினால் கை தானாகவே கண்ணுக்குப் போகிறது. ஒவ்வொரு நாளும் பலமுறை தேய்க்கப்படும் மெல்லிய தோல், தன்னைக் காத்துக்கொள்ள நிறமியைக் கூட்டிக்கொள்கிறது. ஒவ்வாமையால் ஓயாது தும்மும் குழந்தைகளுக்குக் கண்ணடியில் கருமை விழுவதற்கும் இது ஒரு காரணம். 'கண்ணேறு பட்டுவிட்டது' என்று கவலைப்படும் பெற்றோர், ஒவ்வாமைக்கு மருத்துவம் பார்த்தால் முகம் தெளிவதைக் காணலாம்.

எனவே செலவில்லாத முதல் மருந்து, கண்ணைக் கசக்காதிருத்தல். வேலை முடிந்ததும் தூய நீரால் முகம் கழுவுங்கள். உறுத்தல் மிகுந்தால், தூய துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய கண்மீது பத்து நிமிடம் வைத்திருங்கள். வெயிலில் செல்வோர் குடையையும், கூடுமானால் கண்ணாடியையும் மறவாதிருங்கள்.

இரவு யாருக்கு?

வளர்ந்தோர்க்கு இரவில் குறைந்தது 7 மணி நேர உறக்கம் வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். இது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட அளவு. உறக்கம் குறைந்தால் முகம் வெளிறுகிறது. வெளிறிய தோலில் கண்ணடிக் கருமை மேலும் எடுத்துத் தெரிகிறது. காலையில் இமையும் வீங்குகிறது.

இரவுப் பணியில் தறி ஓட்டுபவர் பகலில் உறங்கியே ஆகவேண்டும். ஆனால் பகலில் வீடு உறங்குகிறதா? ஒருபுறம் தொலைக்காட்சி, மறுபுறம் தெருவின் இரைச்சல். அவருக்கென்று ஓர் இருட்டறையையும் சில மணி நேர அமைதியையும் தருவது குடும்பம் செய்யும் அறப்பணி. மாணவர்களோ, தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக் கைப்பேசியின் ஒளியில் நள்ளிரவைக் கழிக்கின்றனர். உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை வேறோர் இடத்தில் வைத்துவிடும் வழக்கத்தை, பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் பெற்றோரே தொடங்க வேண்டும்.

1891-ஆம் ஆண்டில் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடல், தொழிலாளியின் வேலை நேரம் அவனுடைய உடல்வலிமையைக் கடந்து நீளலாகாது என்றும், இழந்த வலிமையை மீட்கப் போதிய ஓய்வு வேண்டும் என்றும் வலியுறுத்தியது. தறி முதலாளிக்கு மட்டும் உரிய அறிவுரையன்று இது. வீட்டிலும் வேலை வாங்குவோர் இருக்கிறார்கள். வேலை செய்வோரும் இருக்கிறார்கள்.

மருந்தகத்தில் ஓர் உரையாடல்

சங்கரன்கோவிலுக்கு அருகே ஒரு சிற்றூரில், துறவறச் சகோதரி ஒருவர் நடத்தும் மருந்தகத்தில் நாம் கேட்ட உரையாடல் இது. தாய் ஒருத்தி தன் மகளை அழைத்து வந்திருந்தாள்.

"சிஸ்டர், ஆவணியில இவளப் பொண்ணு பாக்க வாராவ. கண்ணுக்குக் கீழ இப்படிக் கருத்துக் கெடக்கு. நல்ல களிம்பு ஏதும் இருந்தாச் சொல்லுங்க."

"களிம்பு இருக்கட்டும்மா. பிள்ள ராத்திரி எத்தன மணிக்குப் படுக்கா?"

"தார் சுத்தி முடிக்கப் பன்னெண்டு ஆயிரும், சிஸ்டர். காலையில அஞ்சு மணிக்குத் தண்ணி பிடிக்கணும்லா."

சகோதரி அந்தப் பெண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளிறியிருந்தது.

"ஏன் தாயி, படி ஏறினா மூச்சு வாங்குதா? பச்சரிசி திங்கணும்னு தோணுதா?"

பெண் தாயைப் பார்த்தாள், பிறகு தலையசைத்தாள். தாய் திடுக்கிட்டாள். "எனக்கும் அப்படித்தான் தோணுது, சிஸ்டர். அது ஒரு நோயா?" என்றாள்.

இருவருக்கும் இரத்தம் சோதிக்கப்பட்டது. ஹீமோகுளோபின் மகளுக்கு 8.6 கிராம், தாய்க்கு 7.8 கிராம். மகளின் கண்ணடிக் கருமையைக் கண்டு கவலைப்பட்டுத் தாய் மருந்தகம் வரை வந்தாள். அதைவிட ஆழமாகத் தாயின் கண்ணடியில் விழுந்திருந்த கருமையையோ அந்த வீட்டில் ஒருவரும் கண்டிருக்கவில்லை. அவளைப் பெண் பார்க்க இனி யாரும் வரப்போவதில்லை அல்லவா?

இரத்தசோகை

அந்த வீட்டின் கதை தனிக்கதையன்று. 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இரத்தசோகை உடையோர் இந்திய அளவில் 57 விழுக்காட்டினர். தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டினர். கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், கருவுற்றவளுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை. கருவளையம் உள்ளவர் அனைவருக்கும் இரத்தசோகை இருக்குமென்பதில்லை. ஆனால் கருமையோடு சோர்வு, மூச்சுவாங்கல், நெஞ்சுப் படபடப்பு, வெளிறிய நாக்கு, பச்சரிசியோ மண்ணோ தின்னும் ஆசை ஆகியவை சேர்ந்திருப்பின், களிம்புக் கடைக்கு முன்பாக இரத்தச் சோதனைக்குச் செல்வதே அறிவுடைமை. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இச்சோதனை செய்துகொள்ளலாம்.

பருவப் பெண்களுக்கு வாரம் ஒன்றும், கருவுற்ற தாய்மாருக்கு நாளொன்றுக்கு ஒன்றுமாக இரும்புச்சத்து மாத்திரைகள் அரசால் வழங்கப்படுகின்றன. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கருக்கிறது என்று பலர் அவற்றைப் பெட்டிக்குள் போட்டுவிடுகின்றனர். மலம் கருப்பது மாத்திரையின் இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை. வயிற்றுத் தொல்லை மிகுந்தால், நிறுத்தாமல் செவிலியரிடம் கேட்டு உணவுக்குப் பின் உட்கொள்ளலாம். இழந்த இரும்பை உடல் சேமித்துக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும். பூச்சித் தொல்லைக்கும், மிகையான மாதப்போக்குக்கும் மருத்துவம் செய்யாமல் மாத்திரை மட்டும் விழுங்குவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதே.

உணவில் முருங்கைக்கீரை, கம்பு, பயறு வகைகள், எள், வாய்ப்புள்ளபோது ஈரல் ஆகியவை இடம்பெறட்டும். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பை உடல் ஏற்கப் புளிப்புப் பழங்களின் உயிர்ச்சத்து சி உதவுகிறது. எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற புளியங்குடி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த எலுமிச்சையைக் கண்ணடியில் தேய்க்காதீர்கள். சுண்டலின்மீது பிழிந்து உண்ணுங்கள்! உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீரும் காப்பியும் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுப்பவை. ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம்.

இவையனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவளே நல்ல இல்லத்தரசி என்னும் பழக்கம், பெண்ணின் இரத்தத்தைக் குடிக்கும் பழக்கம். குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்ணட்டும். கீரையும் முட்டையும் முதலில் அவள் தட்டில் விழட்டும்.

கைவைத்தியமும் களிம்பும்

வெள்ளரிக்காய்த் துண்டைக் கண்மேல் வைப்பது பழைய வழக்கம். அதில் தீங்கில்லை. அதன் குளிர்ச்சி இரத்தக் குழாய்களைச் சுருக்கி, வீக்கத்தைச் சில மணி நேரம் குறைக்கும். ஈரத்துணியும் அதையே செய்யும். ஆனால் எலுமிச்சைச் சாறு, சுண்ணாம்பு கலந்த மஞ்சள், பற்பசை முதலியவற்றைக் கண்ணருகே பூசுதல் கூடவே கூடாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகி, முன்னிருந்ததைவிட மிகுதியான கருமையும் நிலைத்துவிடக்கூடும்.

கடைக் களிம்புகளில் இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. சில நாட்களிலேயே வெளுப்புத் தரும் களிம்பு எதுவாயினும் ஐயத்தோடு நோக்குங்கள். அதில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கக்கூடும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், வெளுப்புக் களிம்பு பூசிவந்தவர்களின் சிறுநீரகம் பழுதுற்றதை மருத்துவர்கள் கண்டறிந்த செய்தி 2023-இல் வெளியாயிற்று. தோலில் பூசியது சிறுநீரகம் வரை சென்றுவிட்டது. ஸ்டீராய்டுக் களிம்பைக் கண்ணருகே நாள்பட பூசினால் தோல் மெலிந்து கருமை இன்னும் தெளிவாகத் தெரியும். கண்ணழுத்த நோயும் கண்புரையும் வரலாம். இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-இல் நடுவண் அரசு ஆணையிட்டது. பெயரும் முகவரியும் சேர்க்கைப் பட்டியலும் இல்லாத டப்பாவை வாங்கவே வேண்டா.

நிறமியால் வந்த கருமைக்குத் தோல் மருத்துவர் தரும் களிம்புகள் உண்டு. பலன் தெரிய மாதங்கள் ஆகும். அவற்றுள் சிலவற்றைக் கருவுற்றோர் பயன்படுத்தலாகாது. குழியை நிரப்பும் ஊசியும் லேசர் ஒளியும் பெருநகரங்களில் கிடைக்கின்றன. செலவு மிகுதி, பலன் ஆளுக்கு ஆள் மாறும். வழிவழியாக வந்த கருமை முற்றிலும் போய்விடும் என்று யாரேனும் உறுதி கூறினால், அவர் மருத்துவரல்லர், வணிகர்.

மறைப்பது தவறா?

ஒப்பனை செய்துகொள்வது பாவமா என்று சில பெண்கள் நம்மைக் கேட்பதுண்டு. திருமண நாளிலோ, வேலைக்கு நேர்காணல் செல்லும் நாளிலோ களைத்த முகத்தைச் சற்றே தெளிவாக்கிக் காட்ட விரும்புவதில் தவறேதும் இல்லை. நாடக மேடையில் நாம் அறிந்த 'பான்கேக்' என்னும் மாவுப் பூச்சு, 1930-களில் மாக்ஸ் ஃபாக்டர் நிறுவனம் திரைப்பட நடிகர்களுக்கென உருவாக்கியது. இன்று கண்ணடிக்கென்றே தனிப் பூச்சுகள் உள்ளன.

செய்யும் முறை எளிது. முதலில் முகம் கழுவி, ஈரப்பதம் தரும் களிம்பைத் துளியளவு தடவுங்கள். வறண்ட தோலில் எப்பூச்சும் திட்டுத்திட்டாக வெடிக்கும். நம் மாநிறத்தில் நீலக் கருமை இருப்பின், செம்மஞ்சள் சாயலுள்ள பூச்சை மெல்லியதாக வையுங்கள். அது நீலத்தை அடக்கும். அதன்மேல் தோலின் நிறத்துக்கு ஒத்த பூச்சை மோதிர விரலால் தட்டித்தட்டிப் பரப்புங்கள், இழுக்காதீர்கள். தோலைவிட வெளுத்த நிறத்தைத் தேர்ந்தால் சாம்பல் பூத்ததுபோல் தோன்றும். இறுதியில் சிறிதளவே மாவு. கீழ் இமையில் கண்மையை அழுத்தி இட்டால் அது வழிந்து கருமையைக் கூட்டும். மேல் இமையோடு நிறுத்துங்கள். சில மைகளிலும் சுருமாவிலும் ஈயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே பச்சிளங் குழந்தையின் கண்ணில் மை இடுதல் ஆகாது. ஒருவர் பூச்சை மற்றவர் பயன்படுத்தாதீர்கள். உறங்குமுன் அனைத்தையும் மென்மையாகக் கழுவிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். பூச்சு நிறத்தை மறைக்கும், காரணத்தைப் போக்காது. ஒருநாள் மறைக்கலாம். நாள்தோறும் மறைக்க வேண்டியிருந்தால், மறைக்கப்படுவது நிறம் மட்டுந்தானா என்று வீட்டார் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் செல்வது?

தலையில் அடிபட்ட பின் இரு கண்களைச் சுற்றியும் கன்றிக் கறுத்தால் சற்றும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அடிபடாமலே குழந்தையின் கண்ணைச் சுற்றிக் கன்றினாலும் அவ்வாறே. ஒரு கண்ணில் மட்டும் கருமையோ வீக்கமோ வந்தாலும், காலையில் முகமும் காலும் வீங்கினாலும், கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுத்தாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். கழுத்துக் கருமை நீரிழிவின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். கண்ணழுத்த நோய்க்கான சொட்டு மருந்துகளில் சிலவும் இமையைக் கறுக்கச் செய்யும். அதற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்துவது பார்வையை இழக்கச் செய்யும்.

குடும்பம் செய்யக்கூடியவை

1. நம் வீட்டில் கடைசியாக உறங்கி முதலில் எழுபவர் யார் என்று இன்றிரவே எண்ணிப் பாருங்கள். அவருடைய வேலைகளில் ஒன்றையேனும் மற்றவர் ஏற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர் பிடிப்பது ஆண்பிள்ளைக்கு இழிவன்று.

2. ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுப் பெண்கள் அனைவருக்கும், தாயையும் மாமியாரையும் உட்பட, இரத்தம் சோதியுங்கள்.

3. பெண் பார்க்கச் செல்வோரே, வீட்டுக்கு வரப்போகும் மகளின் முகத்து நிறத்தை விலைபேசாதீர்கள். அந்தக் கருமை, அவள் தன் பெற்றோருக்காக உழைத்ததன் அடையாளமாக இருக்கலாம்.

4. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரின் நாள். அன்று அடுக்களைக்கும் சிறிது ஓய்வு கிடைக்கட்டும்.

ஓய்வும் இறைவனின் கொடை

துன்பத்தில் அமிழ்ந்த யோபு, அழுதழுது தம் முகம் சிவந்ததையும், இமைகள்மேல் இருள் கவிந்ததையும் இறைவனிடமே முறையிட்டார். அந்த முறையீட்டைத் திருமறை மறைக்கவில்லை. சாவை வேண்டிச் சூரைச்செடியின் அடியில் படுத்துவிட்ட எலியாவுக்கு வானதூதர் முதலில் கொண்டுவந்தது அறிவுரையன்று. சுட்ட அப்பமும் நீரும். உண்டபின் அவரை மீண்டும் உறங்கவும் விட்டார். உண்ணவும் நேரமின்றி உழைத்த சீடர்களை, தனிமையான இடத்துக்குச் சென்று சற்றே இளைப்பாறும்படி அழைத்தவர் நம் ஆண்டவர்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரியில் மணிலா நகரில் குடும்பங்களைச் சந்தித்தபோது, உறங்கும் புனித சூசையப்பரின் சுரூபம் ஒன்று தம் மேசைமேல் இருப்பதாகவும், தீர்க்க முடியாத இடர்களைத் தாளில் எழுதி அதன் அடியில் வைப்பதாகவும் கூறினார். உழைப்பாளரின் பாதுகாவலரான சூசையப்பருக்கு இறைவன் தம் திட்டத்தை அறிவித்தது அவர் உறங்கிய வேளையில்தான். உறக்கம் சோம்பலன்று, இறைவனை நம்பி வேலையைக் கீழே வைக்கும் செயல்.

எனவே, அன்புக் குடும்பங்களே, இன்று மாலைச் செபம் முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் சற்றே உற்று நோக்குங்கள். யார் கண்ணுக்குக் கீழே கருநிழல் ஆழமாக விழுந்திருக்கிறதோ, அவரை முதலில் உறங்க அனுப்புங்கள். பாத்திரங்களை மற்றவர்கள் கழுவட்டும்.